வேப்பமரத்தில் ஒரு போயிங்

"ஏளா, இங்கன இருந்த விமானம் எங்க?"

பொன்னுதுரை வீடே அதிரக் கத்தினார். மேசை வெறிச்சென்று கிடந்தது. நேற்று சாயங்காலம் வரை அதன்மேல் ஒரு போயிங் 777 நின்றது. அசல் விமானத்தில் நூறில் ஒரு பங்கு. தேக்கில் இழைத்த உடம்பு, பூவரசில் செதுக்கிய இறக்கை, ஊசிமுனையால் குத்திக் குத்தி வைத்த ஜன்னல்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு மிச்சமிருந்த பொழுதையெல்லாம் மனிதர் அதில்தான் கொட்டியிருந்தார். சென்னையில் மாதிரி விமானக் கண்காட்சி ஒன்றுக்கு அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். விமானத்தின் கீழே ஓர் அட்டையில் 'பொன்னுதுரை, தூத்துக்குடி' என்று எழுதி வைப்பார்கள். அந்த அட்டையை அவர் கனவிலேயே பலதடவை வாசித்தாகிவிட்டது.

அவர் மனைவி சண்முகத்தாய் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ரசத்தில் மிதந்த மரத்தூளைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அம்மன் கோயில் வேப்பமரத்துல கெட்டியிருக்கேன்."

"மரத்துலயா?"

"பிள்ள வேணும்னா தொட்டில் கெட்டுதாவள்லா, அது மாதிரி. வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்ளா?"

"வெளிய சொன்னா பலிக்காது."

இதைச் சொல்லவேறு வேண்டுமா? மகன் செந்தூர்வேல் சிங்கப்பூர் விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெற்றவள் மனசு, கண்ணில் பட்ட விமானத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதற்காக அந்த விமானமா? பொன்னுதுரை செருப்புக்கூட மாட்டாமல் மாப்பிள்ளையூரணித் தெருக்களில் ஓடினார்.

கோயில் மரத்தடியில் போய்த்தான் நின்றார். மரத்தொட்டில்களுக்கு நடுவே அவருடைய போயிங் மூக்கைத் தரைக்குக் காட்டித் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வரிசை பூராவும் மஞ்சள். இரண்டு என்ஜின் வாயிலும் எலுமிச்சம்பழம்.

"ஐயோ, என்ஜினுக்குள்ள என்னத்தய்யா செருகி வச்சிருக்கிய?"

"கண்ணு பட்டுரக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றார் பூசாரி தங்கப்பாண்டி.

"கழத்திக் குடுங்க. பதிலுக்குச் சேவல் கேட்டாலும் தாரேன், கெடா கேட்டாலும் தாரேன்."

"நேர்ந்து கெட்டினதத் தொட முடியுமா? வேண்டுதல் பலிக்கட்டும். பலிச்ச அன்னைக்கு எங்கையாலயே கழத்தித் தாரேன்."

அன்றிலிருந்து பொன்னுதுரையைப் போலப் பக்திமான் ஊரில் கிடையாது. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. மகனுக்கு விசா வர வேண்டும், விமானம் இறங்க வேண்டும். அம்மன் கண்ணைத் திறந்தாள். விசா வந்தது.

"அம்மா, கெடச்சிட்டு!" என்று துள்ளினான் செந்தூர்வேல்.

"நல்லாரு மக்கா" என்று சொல்லிவிட்டுச் சண்முகத்தாய் துடைப்பத்தால் மரத்தூளைக் கூட்டப் போய்விட்டாள்.

பொன்னுதுரை ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் பாய்ந்தார். அவருக்கு முன்னாலேயே சேதி அங்கே போயிருந்தது. பயல் விசாவையும் வேப்பமரத்து விமானத்தையும் சேர்த்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டுத் தொலைத்திருந்தான். மரத்தடியில் திருவிழாக் கூட்டம். கடலோரப் புன்னைக்காயலிலிருந்து, தெரிந்தவள் எமில்டாகூட ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"பூசாரி, பலிச்சிட்டு! கழத்தும்!"

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். பின்னாலேயே வந்து நின்ற சண்முகத்தாயை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எமில்டா ஏணியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"பலிக்குத விமானத்தக் கழத்துனா எங்க பிள்ளையளுக்கு என்ன வழி? எம் மவன் துபாய்க்குப் போவாண்டாமா? எங்களுக்கும் ஆளுக்கொண்ணு செஞ்சு குடுத்துட்டுக் கழத்துங்க அண்ணாச்சி."

"நீ மாதா கோயிலுக்குப் போறவளாச்சே, மாதா கோவிக்க மாட்டாவளா?" என்று மடக்கிப் பார்த்தார் பொன்னுதுரை.

"அவ்வோகிட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன்."

வேறு வழி? துறைமுகத்தில் உடைத்துப் போட்ட சரக்குப் பெட்டிப் பலகைகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வாலுக்கு மாதக்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மனிதர், இப்போது அரிவாளை எடுத்து இறக்கையைக் கொத்தினார். செய்யச் செய்யக் கூட்டம் கூடியது.

"கனடா ரொம்பத் தூரம்லா அண்ணாச்சி, றெக்கைய நல்லா நீட்டி வையுங்க."

"எம் மவளுக்கு ஜன்னலோர சீட்டு கெடைக்குத மாதிரி ஒண்ணு."

"எங்க மாமியாரையும் கூட்டிட்டுப் போவணும், கொஞ்சம் பெருசா..."

கையெல்லாம் கொப்புளம். தூக்கத்தில்கூட "றெக்கை, றெக்கை" என்று உளறினார். ஒரு காலை எமில்டா திரும்பி வந்தாள், கையில் அவர் செய்து கொடுத்த விமானத்தோடு. மரத்திலிருந்து அவளே அறுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எம் மவன மும்பைலயே எறக்கித் திருப்பி அனுப்பிட்டான்! நான் துபாய்க்குக் கேட்டா, நீங்க மும்பை வரைக்கும் போறதத்தான் செஞ்சிருக்கிய! வாலப் பாருங்க, கோணலா இருக்கு!"

வால் கோணல் என்று பொன்னுதுரையைப் பார்த்து ஒருத்தி சொல்லிவிட்டாள்! வாழ்நாளில் கேட்டிராத சொல். எமில்டா விட்டபாடில்லை. பூசாரியிடமே நியாயம் கேட்போம் என்று கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையிலிருந்த உளியைக் கீழே வைக்கவும் விடவில்லை. வீட்டு வாசலில் காத்திருந்த கூட்டமும் சண்முகத்தாயும் பின்னாலேயே வந்தார்கள்.

போன இடத்தில் மரத்தடியில் ஒரு வேன். ஊருக்குள் விசாரித்து நேரே இங்கே வந்துவிட்ட சென்னைக் கண்காட்சிக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் முடிந்ததே பொன்னுதுரைக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அது என்னுதுதான்! இந்தா, இப்பக் கழத்திருவேன்..."

"வேண்டாம் சார். சாமிக்கு நேர்ந்ததை நாங்க எடுக்க மாட்டோம். நல்லா செஞ்சிருந்தீங்க" என்று சொல்லி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அவர் வேனில் ஏறிவிட்டார். புழுதிதான் மிச்சம்.

பொன்னுதுரை இடிந்துபோய் நின்றார். அந்த அட்டை, அதில் இருக்க வேண்டிய அவர் பெயர், எல்லாம் போயிற்று. முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லக் கனைத்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கனடா விமானம் எப்ப ஆவும்?"

அவ்வளவுதான். உளியைச் சன்னதி முன்னால் வீசி எறிந்தார். எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

"இந்த அம்மன் மேல சத்தியம்! இனிமே ஜென்மத்துக்கும் விமானம் செய்ய மாட்டேன்! அத நெனைக்கக்கூட மாட்டேன்! உளியத் தொட்டா எங்கை வெளங்காமப் போவட்டும்!"

சண்முகத்தாய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். தங்கப்பாண்டி மறுபேச்சில்லாமல் ஏணியில் ஏறி, போயிங்கின் கயிற்றை அவிழ்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதைப் பதனமாகக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க அண்ணாச்சி. வேண்டுதல் பலிச்சிட்டு."

"வேய், விசா வந்து எம்புட்டு நாளாச்சு! இப்பத்தான் பலிச்சுதாக்கும்?"

"விசாவா?" என்று முழித்தார் பூசாரி. "எம் புருசன் இந்த விமானக் கிறுக்க விட்டொழிக்கணும்னுல்லா அக்கா வேண்டிக் கெட்டுனாவ!"