முப்பத்தொரு மதிப்பெண் வாங்கிய பலகை

“டக். டக். கிர்ர்ர்.”

மேசை மேலிருந்த பழைய டிஸ்க் மூன்றாவது முறையாக இருமியது. டோர்கெல் குனிந்து அதன் மேல் காதை வைத்துக் கேட்டான்.

“உயிர் இருக்கா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவன் மனைவி மாய்க்கென்.

“இருக்கு. ஆனா மூச்சு சரியில்ல.”

“அஞ்சு மணிக்கு லிஸ்பெத்தும் ஆளுங்களும் வந்துடுவாங்க. என் தங்கச்சிக்கு அம்பது வயசுன்னு பதினாலு வருஷத்துப் படத்தையும் இந்தச் சுவத்துல ஓட்டிக் காட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப மணி ஒண்ணு. ஓடுமா, ஓடாதா?”

“எல்லாத்தையும் வேற டிஸ்குக்கு மாத்திட்டா ஓடும்.”

“அதைத்தானேப்பா மூணு வருஷமா மாத்திக்கிட்டே இருக்க!”

அவள் சொன்னதில் பொய்யில்லை. வீட்டுப் படங்களை வீட்டிலேயே பத்திரமாக வைக்க, சீட்டுக்கட்டு அளவில் வருகிற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றும் ஒரு டிஸ்கும் போதும். சுவீடனின் வடக்கே இருக்கும் இந்த ஊமியோ நகரத்தில் எத்தனையோ பேர் அதை ஒரு சனிக்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள் செய்து முடித்திருக்கிறார்கள். ஆனால் டோர்கெலுக்கு அலுவலகத்தில் வேலையே குழாய்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது. சூடு, சத்தம், மின்சாரச் செலவு, திருகாணியின் தரம் என்று நாற்பத்தொரு கட்டம் உள்ள அட்டவணை ஒன்றைத் தயாரித்தான். இதுவரை ஏழு பலகைகள் வாங்கிவிட்டான். ஒன்றுகூடத் தேறவில்லை.

அதிலும் முதலில் வாங்கியது படுமோசம். நூற்றுக்கு முப்பத்தொன்று. படங்களையெல்லாம் ஏற்றி, மாய்க்கெனின் ஃபோனில் புதிதாக எடுப்பதும் தானாக வந்து சேரும்படியும் டிவியில் ஓடும்படியும் செய்து, ‘அணைக்காதீர்கள்’ என்று துண்டுச் சீட்டும் ஒட்டி, ஒரு வாரம் சோதித்துப் பார்த்தான். பிறகு அட்டவணையில் ‘டிஸ்க் துடைத்தாயிற்று’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, டிஸ்கோடு கொண்டுபோய் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பரிமாற்ற அலமாரியில் வைத்தான். வேண்டாததை வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அது எந்த அப்பாவியோ என்று அன்று முழுவதும் டோர்கெல் வருத்தப்பட்டான்.

“பேசாம ஏதாவது கம்பெனிக்கு மாசா மாசம் பணம் கட்டி அவங்ககிட்ட போட்டு வெச்சா என்ன?” என்றாள் மாய்க்கென்.

“நம்ம வீட்டுப் படத்தை முன்னப்பின்ன தெரியாதவன் உக்காந்து பாக்கறதா? என் உயிர் இருக்கறவரைக்கும் நடக்காது!”

“சரி, உன் லேப்டாப்ல ஏத்து.”

“அது ஆபீஸ் லேப்டாப், மாய்க்கென்! அதுல சொந்தப் படமா?” அவன் முகம் வெளுத்துவிட்டது.

“என் ஃபோன்லயும் இடமில்லைன்னு பழசெல்லாம் அழிச்சாச்சு. ஆமா, இந்த ஃபோன் மூலையில ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கிட்டே இருக்கே, அது என்ன?”

“ஏதோ பழைய சோதனையோட மிச்சம். அதை விடு, இங்க உயிர் போகுது.”

கைவசம் இருந்தவற்றில் கொஞ்சம் பரவாயில்லை என்று அறுபத்திரண்டு மதிப்பெண் பலகையை எடுத்து டிஸ்கில் சொருகினான். படங்கள் புதிய டிஸ்குக்கு நகரத் தொடங்கின. பத்தே நிமிஷத்தில் பலகை சுட்டது. இருபதாவது நிமிஷம் அதன் மேல் முட்டை பொரிக்கலாம் போலிருந்தது.

“சூடுதானே? வெளிய மைனஸ் பன்னெண்டு!” என்று டோர்கெல் பால்கனிக் கதவைத் திறந்து, நீளமான ஒயரில் பலகையை வெளியே பனியில் வைத்தான். கதவு மூடவில்லை. மாய்க்கென் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கேக்குக்கு கிரீம் அடித்தாள்.

பலகை நன்றாகத்தான் குளிர்ந்தது. ஆனால் அதன் தலையில் ஒட்டியிருந்த, சூடு தணிக்கும் பளபளப்பான தகட்டைப் பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த கறுப்பு வெள்ளைக் காக்கை ஒன்று ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. படக்கென்று கொத்தி எடுத்தது. உடை மாற்றிக்கொண்டிருந்த டோர்கெல் உள்ளாடையோடு பாய்ந்து தலையணையை வீசினான். காக்கை அவன் விரலில் ஒரு போடு போட்டுவிட்டு, தகட்டோடு பறந்தது. தலையணை நான்கு மாடி கீழே விழுந்தது.

“அப்படியே நில்லு!” என்று மாய்க்கென் ஃபோனை நீட்டினாள். காக்கை கொத்தும்போதே ஒரு படம் எடுத்திருந்தவள், இப்போது இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். பச்சைப் புள்ளி இரண்டு தடவை மினுக்கியது.

“இது படம் எடுக்கற நேரமா?”

“பின்ன? இருக்கற படமெல்லாம் போச்சுன்னா இதாவது மிஞ்சட்டும்!”

அடுத்தது எழுபத்தொரு மதிப்பெண் பலகை. விசிறி வைத்தது. அது போட்ட சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. ஆனாலும் படங்கள் ஓட்டமாக ஓடின. ஒரே குறை, அதற்குத் தனி பிளக் வேண்டும். ஜன்னலோரம் இருந்த பிளக்கில் நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டோர்கெல் அதைப் பிடுங்கிவிட்டுப் பலகையைச் சொருகினான்.

மணி மூன்று. வடக்கத்திக் குளிர்காலம் என்பதால் அதற்குள் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எதிர்க் கட்டடம், பக்கத்துக் கட்டடம், தங்கள் கட்டடம் என்று எல்லா ஜன்னலிலும் நட்சத்திரம். இவர்கள் வீட்டு ஜன்னல் மட்டும் கும்மிருட்டு.

கால்மணி நேரத்தில் அழைப்புமணி அடித்தது. குடியிருப்புச் சங்கத் தலைவர் ஸ்டூரே, பாதி பின்னிய காலுறை ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஜன்னல் இருட்டா இருக்கு. யாராவது... தவறிட்டாங்களா?”

“இல்லையே!”

“அப்ப ரெண்டு பேரும் பிரியறீங்களா? அந்த மஞ்சள் சோபாவைத் திருப்பி அனுப்புனதுலதான் பிரச்சனையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல!”

“எதுவா இருந்தாலும் சங்கம் உங்க பக்கம் இருக்கு,” என்று அவர் டோர்கெலின் தோளைத் தட்டினார்.

மாய்க்கென் கணவன் காதில் கிசுகிசுத்தாள். “சோபா நம்ம வீட்டுல ரெண்டே நாள்தான் இருந்துச்சு. இவர் உள்ள கால் வெச்சதே இல்லையே, எப்படித் தெரியும்?”

“இந்தக் கட்டடத்துல சுவரெல்லாம் காகிதம். எல்லாருக்கும் எல்லாம் கேக்கும்.”

“நாங்க நல்லாத்தான் இருக்கோம் ஸ்டூரே, இதோ பாருங்க!” என்று மாய்க்கென் ஜன்னலுக்கு ஓடி, பிளக்கில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு நட்சத்திரத்தைச் சொருகினாள். நட்சத்திரம் ஜம்மென்று எரிந்தது.

விசிறி நின்றது. டிஸ்க் ஒரே ஒரு முறை “கிர்ர்ர்ர்” என்றது. பிறகு அதுவும் இல்லை.

ஸ்டூரே காலுறையைப் பையில் திணித்துக்கொண்டு நைசாக நழுவினார்.

டோர்கெல் டிஸ்கைக் கையில் எடுத்து ஆட்டினான், தட்டினான், ஊதினான், கடைசியில் கெஞ்சினான். அது அசையவில்லை. புதிய டிஸ்கைத் திறந்து பார்த்தால், எல்லாம் பாதியில் அறுந்து, ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

மாய்க்கென் கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கிரீட் தீவுல கழுதை மேல ஏறினது... எங்கப்பாவோட கடைசி கிறிஸ்துமஸ்... எல்லாம் போச்சு. நான்தான் பிடுங்கிட்டேன்.”

“நீ இல்ல. நான்தான்.” டோர்கெல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “மூணு வருஷம் மார்க் போட்டுக்கிட்டே இருந்துட்டேன்.”

“இந்த மூணு வருஷத்துல லிஸ்பெத் ரெண்டு கல்யாணம் பண்ணிட்டா. நீ ஒரு போர்டைத் தேர்ந்தெடுக்கல.”

அவன் அட்டவணையைத் திறந்து நாற்பத்தொரு கட்டத்தையும் ஒவ்வொன்றாக அழித்தான். அழிக்கும்போது உண்மையிலேயே அழுதான்.

நாலரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நேர் கீழ் வீட்டு பெரிட். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு தட்டு நிறைய குங்குமப்பூ பன்னும், இன்னொரு கையில் பனி ஒட்டிய தலையணையும் வைத்திருந்தார்.

“ஸ்டூரே சொன்னான், மேல ஒரே சோகமா இருக்குன்னு. இந்தாங்க, சாப்பிடுங்க. டோர்கெல், விரல் எப்படிப்பா இருக்கு? காக்கா கொத்துனா சீழ் பிடிக்கும், மருந்து போட்டியா?”

“போட்டேன்,” என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். “காக்கா கொத்துனது உங்களுக்கு எப்படித் தெரியும்? சுவர் வழியா அதெல்லாம் கேக்காதே!”

மாய்க்கென் மெதுவாகத் தன் ஃபோனைப் பார்த்தாள். மூலையில் பச்சைப் புள்ளி நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்னப்பா இப்படிக் கேக்கற?” என்றார் பெரிட், பன் தட்டை மேசையில் வைத்தபடி. “மூணு வருஷத்துக்கு முன்னாடி ‘அணைக்காதீர்கள்’னு எழுதிக் கீழ அலமாரியில வெச்சியே, அதை என் டிவியில சொருகுன நாள்லேர்ந்து இன்னிவரைக்கும் நான் அணைக்கவே இல்ல, கழுதைப் படத்துலேர்ந்து இன்னிக்கு மத்தியானம் நீ உள்ளாடையோட தலையணை வீசினதுவரைக்கும் ஒண்ணுவிடாம வருது, எங்க பின்னல் குழு வியாழக்கிழமை தவறாம கூடறதே அதைப் பாக்கத்தானே!”