வெள்ளைக் காரில் வந்த நால்வர் அணி

“போனைப் பாத்துக் கத்துறதுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?”

பாடாலூர் அத்தை இப்படிக் கேட்டபோது அவர் கையில் முறுக்கு இருந்தது, என் கையில் போன் இருந்தது. போனில் ஓடிய விளையாட்டுக்குள் யாரோ ஒருவன் பாராசூட்டில் குதித்துக்கொண்டிருந்தான். அவன் குதிப்பதை நான் உரத்த தமிழில் வர்ணித்துக்கொண்டிருந்தேன். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்துக்கும் உடனே பதில் சொல்லிவிடுவது அப்போது என் பழக்கமாக இருந்தது.

“இனிமே உலகமே இப்படித்தான் அத்தை சம்பாதிக்கும்” என்றேன். அத்தை முறுக்கைக் கடித்தார். அந்தச் சத்தமே மறுமொழியாக இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை, அப்பா காலத்தில் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை, என் காலத்தில் பி.சி.ஏ. (இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிரும், கண்டுகொள்ளாதீர்கள்.) ஒரே ஒரு ஆள் படித்த வீட்டில் அந்த ஆள் சொல்வதுதான் சட்டம். போன் சூடானால் என்னிடம் வருவார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தால் பையன் வேலை போய்விடுமா என்று கேட்டும் என்னிடம்தான் வருவார்கள். நானும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு “இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்பேன்.

அதோடு நிற்காமல் ஒரு யூடியூப் சேனலும் நடத்தினேன். எந்த நிறுவனம் எந்த விளையாட்டை வெளியிட்டாலும், எந்த முதலாளி யாரை வேலையை விட்டுத் தூக்கினாலும் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அதற்கு ஒரு கண்டனமோ பாராட்டோ உடனே போய்ச் சேரும். பார்ப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அவர்களும் என் பின்னால் தெரியும் எங்கள் வீட்டு அலமாரியைத்தான் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. மொபைல் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறவர்கள். கிரிக்கெட்டுக்கு இருப்பது போலத் தங்கள் போட்டிகளுக்கும் தமிழில் வர்ணனை சொல்ல ஆள் வேண்டுமாம். முதல் சுற்றுகளைத் தாண்டிவிட்டேன். கடைசிச் சுற்றில் அவர்கள் ஒரு ஆட்டத்தை நேரலையில் காட்டுவார்கள், நான் பேச வேண்டும். விதி ஒன்றே ஒன்று: என்ன நடந்தாலும் பேச்சு நிற்கக் கூடாது.

கடைசிச் சுற்றில் எனக்கு எதிராக இருந்தது மனிதர் இல்லை. தமிழ் பேசும் ஒரு மென்பொருள். அதற்குத் தொண்டை கட்டாது, காப்பி கேட்காது, முக்கியமாக அதற்கு அத்தை கிடையாது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“கெடைச்சா சென்னைக்குப் போ. நான் எதுவும் சொல்ல மாட்டேன். கெடைக்கலைன்னா அக்கா சொல்ற பையனுக்குச் சரின்னு சொல்லிடணும். அப்பவும் நீ எதுவும் சொல்லக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். அத்தை சொன்ன பையன் சென்னையில் ஐடி வேலையில் இருந்தான். போட்டோவை நீட்டினார்கள். கொள்கை காரணமாக நான் அதைப் பார்க்கவில்லை. (அந்தக் கொள்கை என்னவென்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு உறுதியாக இருந்தேன்.)

முடிவு வரும்வரை அத்தை காத்திருப்பார் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

“பாக்குறதுல என்னடி போச்சு? திங்கக்கெழம சிறுவாச்சூர் போறோம். சாமி கும்புடுறோம். அவங்களும் தற்செயலா வருவாங்க.”

எங்கள் பக்கத்துத் தற்செயல் ஒரு வாரம் முன்பே போன் போட்டு முடிவாவது. இரண்டு வீட்டாரும் கோயிலுக்கு வருவார்கள். ஒருவரை ஒருவர் தெரியாதது போல் நடப்பார்கள். பிடித்தால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் அவமானம் இல்லை. கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான் என்பதால் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிடலாம். பெண்ணை அடையாளம் காட்ட அத்தை ஒரு கிளிப்பச்சைப் புடவை எடுத்து வந்தார். வானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் பச்சை.

ஞாயிறு மாலை நடக்க வேண்டிய என் கடைசிச் சுற்றைத் திங்கள் முற்பகலுக்கு மாற்றியதாகச் சென்னையிலிருந்து செய்தி வந்தது. நான் கலங்கவில்லை. போன வாரம்தான் என் சேனலில், “5ஜி வந்துவிட்டது நண்பர்களே, இனி சிக்னல் பிரச்சினை என்பதே பழங்கதை” என்று அறிவித்திருந்தேன். ஆகவே வேனிலேயே உட்கார்ந்து பேசிவிடலாம் என்று அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்.

“தலைவலின்னு சொல்லிட்டு வண்டியிலயே உக்காந்துக்க” என்றார் அம்மா. “ஒங்க அத்தைய நான் விளக்குப் போடுற எடத்துல புடிச்சு வெச்சுக்குறேன். சீக்கிரம் கத்தி முடி.”

அத்தை வீட்டு வேனைப் புளியமர நிழலில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிக் கோயிலுக்குப் போனார்கள். நான் பின் சீட்டில் கிளிப்பச்சையில் அமர்ந்து, தலை நிறைய மல்லிகைப்பூவின் மேல் பெரிய ஹெட்போனை அழுத்தி மாட்டினேன். பூ நசுங்கியது. வெக்கை தாங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டேன். காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. இதை நான் சேனலில் ஒருநாளும் சொன்னதில்லை.

சென்னையிலிருந்து ஒரு மேடம், “ஸ்டார்ட் பண்ணலாம்” என்றார். ஆட்டம் தொடங்கியது. நன்றாகத்தான் பேசினேன். பாராசூட்டுகள் விரிந்தன, நான் விரிந்தேன்.

அப்போது நான்கைந்து பஸ்கள் ஒன்றாக வந்து நின்றன. இறங்கிய அத்தனை பேரும் போனை எடுத்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்கள். என் திரையில் ஒரு வீரன் நடுவானில் அப்படியே நின்றுவிட்டான். அவன் தலைக்கு மேல் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. பழங்கதை திரும்பி வந்துவிட்டது.

“மேடம், கேக்குதா?” என்றேன். “உங்க வாய்ஸ் வருது. கன்டினியூ பண்ணுங்க” என்றார் மேடம்.

தொங்குகிறவனைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? அவன் பொறுமையைப் புகழ்ந்தேன். காலணியைப் புகழ்ந்தேன். வார்த்தை தீர்ந்துகொண்டே வந்தது. அந்த மென்பொருள் எங்கோ ஒரு குளிர் அறையில் சிரிப்பது போலிருந்தது. வேலை போனால் கல்யாணம். தலையை நிமிர்த்தினேன். வேனின் முன்கண்ணாடி வழியே ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்பது தெரிந்தது. அதிலிருந்து சரியாக நான்கு பேர் இறங்கினார்கள். நான் வர்ணிக்கும் விளையாட்டிலும் ஓர் அணிக்கு நான்கு பேர்தான்.

“இதோ, வெள்ளை வாகனத்தில் ஒரு புதிய நால்வர் அணி வந்து இறங்குகிறது நேயர்களே. இறங்கியவர்கள் களத்துக்குள் போகவில்லை. வண்டி மறைவிலேயே நிற்கிறார்கள். யாரையோ தேடுகிறார்கள். தேடுவது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிகிறது.”

பேச்சு மறுபடி ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“முன்னால் நிற்பவர் கறுப்புக் கண்ணாடி அணிந்த இளம் வீரர். சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் ஆயுதம் இல்லை, போன் இருக்கிறது. அதன் திரையில் அடிக்கடி தலைமுடியைச் சரிபார்க்கிறார். எதிரி பாய்ந்தால் இவர் துப்பாக்கிக்குப் பதிலாகச் சீப்பைத்தான் எடுப்பார். பக்கத்தில் பட்டுப்புடவையில் அணித்தலைவி. பார்வையிலேயே பாதிக் களத்தை அளந்துவிட்டார். பின்னால் ஒரு பெரியவர்… ஐயோ, கரும்புச்சாறு வண்டியைப் பார்த்ததும் அவர் அணியை விட்டே விலகிவிட்டார். இன்றைய ஆட்டத்தின் முதல் இழப்பு.”

வேனைச் சுற்றிச் சிறு கூட்டம் கூடியிருந்தது. எலுமிச்சம்பழம் விற்கும் அக்கா கூடையோடு வந்து நின்றுகொண்டு என்னையும் அந்த அணியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அதை ரசிகர் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

“நான்காவது வீராங்கனை, இளம்பெண், காரில் சாய்ந்து சிரிக்கிறார். ஏன் என்று தெரியவில்லை. அணித்தலைவி விரலை நீட்டுகிறார். எதையோ கண்டுபிடித்துவிட்டார். அணி வேகமாக முன்னேறுகிறது. இலக்கு ஒரு வேன். வேனுக்குள் ஒரு பெண். அவள் உடுத்தியிருப்பது கிளிப்…”

அங்கேதான் எனக்கு விளங்கியது. சாதாரண மனிதப் பிறவி வாயை மூடியிருக்கும். எனக்கு விதி மட்டும்தான் நினைவில் இருந்தது.

“…கிளிப்பச்சை. நேயர்களே, வேனுக்குள் இருக்கும் வீராங்கனையின் நிலை கவலைக்கிடம். கண்ணாடியை ஏற்ற முயல்கிறார். கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது.”

அந்தப் பாதிக் கண்ணாடிக்கு மேல் பட்டுப்புடவை அம்மாவின் முகம் தெரிந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன்.

“ஏம்மா, மொதல் இழப்புன்னு சொன்னியே, அது எங்க வூட்டுக்காரரு.”

“நான் சீப்பே வெச்சுக்கிறது இல்லங்க” என்றான் இளம் வீரன், பரிதாபமாக. சொல்லும்போதே அவன் கை தலைமுடிக்குப் போனது.

கோயில் பக்கம் ஒரு கூக்குரல். அத்தை ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அம்மா. என் வாய் தன் வேலையைச் செய்தது.

“கிழக்கிலிருந்து இன்னொரு தாக்குதல். பாடாலூர் வீராங்கனை மின்னல் வேகத்தில் வருகிறார். கையில் தட்டு, தட்டில் எரியும் எலுமிச்சை விளக்கு. இன்று களத்துக்கு வந்த முதல் உண்மையான ஆயுதம் இதுதான். அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியவர் மூச்சிரைக்கப் பின்தங்கிவிட்டார்.”

“ஓகே, தேங்க்யூ. டைம் ஓவர்” என்று மேடம் இணைப்பைத் துண்டித்தார். நடுவானில் தொங்கிய அந்த வீரன் அப்போதுதான் பத்திரமாகத் தரையிறங்கினான்.

“தலவலின்னியேடி” என்றார் அத்தை.

வெள்ளைக் கார் தற்செயலாகவே கிளம்பிப் போனது. வழக்கப்படி யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், ஊருக்கே கேட்கும்படி பார்த்தேன்.

வேன் ஊருக்குத் திரும்பியது. வேலை போயிற்று, மாப்பிள்ளையும் போயிற்று, மானமும் போயிற்று என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழத் தயாரானேன். அப்போது முன் சீட்டில் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

“பாப்பா, அந்தக் கரும்புச்சாறு பெரியவரு அப்புறம் அணியில சேந்தாரா இல்லியா?”

கோயிலுக்குள் போன அப்பா எப்போது திரும்பி வந்தாரோ, புளியமரத்துக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு நான். அத்தை கடைசிவரை சிரிக்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டு நாள் கழித்து மேடம் போன் செய்தார்.

“உங்க வீடியோ நின்னுபோனதே எங்களுக்கு மொதல்ல தெரியலங்க. கேம்ல எந்த மேப்ல கரும்புச்சாறு வண்டி வருதுன்னு எங்க டீமே உக்காந்து தேடிச்சு.”

“அந்த சாப்ட்வேர் எப்படிங்க பேசுச்சு?” என்று கேட்டேன். தோற்றாலும் எதிரியைப் பற்றி விசாரிக்க வேண்டுமல்லவா.

“தப்பே இல்லாமப் பேசுச்சு. என்ன பேசுச்சுன்னுதான் இங்க ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. நீங்க எப்ப ஜாயின் பண்றீங்க?”

அப்பா சொன்ன சொல் மாறவில்லை. பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். அன்றிலிருந்து, மென்பொருள் எல்லோர் வேலையையும் விழுங்கிவிடுமா என்று யாராவது கேட்டால் முன்பு போல் பிரசங்கம் செய்வதில்லை. தெரியாது என்கிறேன். என் விஷயத்தில் அதற்கு ஒரு வெள்ளைக் கார் கிடைக்காமல் போனது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் அத்தை எங்கள் வீட்டுப் படியேறினால், அப்பா பஞ்சர் ஒட்டிய கையோடு எழுந்து நின்று தொடங்கிவிடுவார்: “பாடாலூர் அணி வந்து எறங்குது. கையில முறுக்கு இருக்கு. இந்தத் தடவ வெளக்கு இல்ல.” அத்தை அவரைத் திட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களிடம், “என் தம்பி மவ போனைப் பாத்துக் கத்துறதுக்குச் சம்பளம் வாங்குறா, தெரியும்ல?” என்பார்.

காரில் சாய்ந்து சிரித்த நான்காவது வீராங்கனையை மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் நிவேதா. என் சேனலைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பினாள். அவள் அண்ணனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாம், வீட்டில் எல்லோரும் அவனை இப்போது ‘இளம் வீரர்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அப்புறம் ஒரு கேள்வி: “அக்கா, நானும் நல்லாக் கத்துவேன். உங்ககூடச் சேத்துக்குவீங்களா?”

சேர்த்துக்கொண்டேன். சென்னை வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பெண்களுக்காக மட்டும் ஒரு போட்டி நடத்தப்போகிறோம். இரண்டு பேரும் சேர்ந்து வர்ணனை. அதற்காகப் பெரம்பலூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தை ஒட்ட வேண்டும். நேற்று சாவியும் கைக்கு வந்துவிட்டது. இடம் பார்த்துக் கொடுத்தது நிவேதாவின் அப்பா. அறைக்கு நேர் கீழே ஒரு கரும்புச்சாறு கடை இருக்கிறது.