போத்தல் சேரும் ஐஸ்கிரீம் பெட்டியும்

மட்டக்களப்பில் அடுத்தவருடைய சிறுநீரை இவ்வளவு மரியாதையோடு கையில் ஏந்திய மனிதர் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. அவர்தான் எங்கள் ஆய்வுகூடத்துப் போத்தல் சேர்; கையில் எப்போதும் மாதிரிப் போத்தல் இருப்பதால் வந்த பெயர். நான் அங்கே பதிவேடு எழுதினேன். கலியாண வீட்டிலும் அவர் ஒரே விதமாகத்தான் சுகம் விசாரிப்பார்: "சலம் என்ன நிறத்தில போகுது?" ஒருமுறை மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார்.

கரடியனாற்றில் வயல் செய்யும் கமக்காரர்களிடம் சிறுநீர் சேகரிப்பது அவர் வேலை. புரதம் செய்யாத ஆர்.என்.ஏ. என்று ஒரு கூட்டம் உடம்பில் உண்டு; சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது சிறுநீரில் அதன் அளவு மாறுகிறதா என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு.

"ஒண்டும் செய்யாத சாமானைத் தேடியா இவ்வளவு தூரம் வாறீங்க?" என்று கேட்டார் அந்தக் கமக்காரர்களில் ஒருவரான வேலுப்பிள்ளை அண்ணன். அவருக்கு ஏற்கெனவே சிறுநீரக நோய்.

"புரதம்தான் செய்யாது அண்ணன். மற்றதெல்லாம் எவ்வளவு வேலை செய்யோணும் எண்டு கூட்டிக் குறைக்கிறது அதுதான்" என்றார் சேர்.

"அப்ப நம்மட வட்டை விதானை மாதிரி. மண்வெட்டி தொடமாட்டார். ஆனா யார்ட வயலுக்குத் தண்ணி எண்டு அவர்தான் சொல்லுவார்."

சேர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. உறைய வைத்த மாதிரிகள் கரைந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். சேர் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த காத்தான்குடி ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"உள்ளுக்கு என்ன சேர் இரிக்கி?" என்றார் முதலாளி.

பொய் சொல்ல அவருக்கு வராது. "சலம்."

முதலாளி ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இதில ஒரு கமக்காரர்ட போத்தலும் இரிக்கு. அவர் போன மாதம் செத்துப்போயிட்டார். திரும்பக் கேக்க ஏலா."

முதலாளி கையை எடுத்து மூடியைத் திறந்தார். பிறகு ஐஸ்கிரீமையெல்லாம் வெளியே எடுத்துத் தெருவில் போவோர் வருவோருக்குக் கொடுக்கத் தொடங்கினார். மாதிரிகள் தப்பின.

பிறகொரு நாள் வேலுப்பிள்ளை அண்ணன் வீட்டுக்குப் போனோம். அந்தப் போத்தல் அவருடையதுதான்.

"அவர் தந்தது பிரயோசனப்படுமா?" என்றார் அவர் மனைவி.

"இப்ப சொல்லேலா அக்கா. பின்னால வாற ஆக்களுக்கு உதவலாம்."

"அவர்ர பேரைப் போடுவீங்களா?"

"பேர் போடுறதில்ல. நம்பர்தான்." சேர் குனிந்து செருப்பைப் பார்த்தார். "எனக்குப் பேர் தெரியும் அக்கா."

இந்த மனிதரோடு வேலை செய்யக் கிடைத்ததே என்று அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது.