அண்ணன் பேரில் திறக்கும் லேப்டாப்

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.

பெருமதிப்பிற்குரிய கௌதமன் அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் சேனலும், பாடம் நடத்தும்போது கீபோர்டு மேல் நடந்து போகும் தங்கள் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் அம்மா சாலம்மாளும் நலம் என்று எழுதி, அழித்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது. கமெண்டில் போடலாம் என்று பார்த்தால் பாதியிலேயே போதும் என்று தடுத்துவிட்டது, அதனால்தான் மெயில்.

என் பெயர் பூங்குழலி. பன்னிரண்டாவது முடித்து ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் வீடியோ நூற்றுப் பதினாலையும் பார்த்தவள். போன வருஷம் ஆர்வக்கோளாறில் பெல் பட்டனை ரெண்டு தடவை அமுக்கி, அது ஆஃப் ஆகி, மூணு மாசம் நீங்க வீடியோவே போடலை, உடம்பு சரியில்லை போலிருக்கு என்று உங்கள் பேருக்கு விளக்கு ஏற்றியதும் நான்தான் அண்ணா.

விஷயம் இதுதான். வானூரில் ஒரு இலவசப் பயிற்சி ஆரம்பிக்கிறார்கள். ஆறு மாசம் பைத்தான் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்து வேலைக்கும் அனுப்புவார்களாம். சேருவதற்கு ஒரே நிபந்தனை, சொந்தக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இன்ஸ்டால் பண்ணி, சின்னதாக ஒரு புரோகிராம் ஓட்டி, நாளைக்கு அஞ்சு மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நானும் அம்மாவோடு உப்பளத்துக்கு. மேஸ்திரி என் உயரத்துக்கு உப்பு வாரும் பலகை ஒன்றைத் தனியாக எடுத்தே வைத்துவிட்டார்.

லேப்டாப் இருக்கிறது. என் அண்ணன் அறிவழகனுக்கு ஸ்கூலில் கவர்மெண்ட் கொடுத்தது. வாங்கி வந்த அன்றைக்கே பேர் கேட்ட இடத்தில் தமிழிலேயே அறிவழகன் என்று அடித்து, போட்டோவும் வைத்துவிட்டான். "கம்ப்யூட்டரும் நம்ம ஊட்ல இருந்தா தமிழ் கத்துக்கட்டும் பாப்பா"ன்னு சொன்னான். அப்புறம் படிக்கப் போகாமல் கடலுக்குப் போனான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எக்கியார்குப்பத்திலிருந்து போன ஃபைபர் படகு கவிழ்ந்தது. ரெண்டு பேர் கரையேறினார்கள். இவன் ஏறவில்லை, கிடைக்கவும் இல்லை. அன்றிலிருந்து அம்மா சாயங்காலம் விளக்கேற்றினதும் லேப்டாப்பை ஆன் பண்ணுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நடுவில் வட்டமாக அண்ணன் முகம் வரும் இல்லையா, அது அணையும் வரைக்கும் பார்ப்பார்கள்.

இப்போ இன்ஸ்டால் கதைக்கு வர்றேன். எங்க வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது, வாசப்படியில ஒரு கோடு வரும், உப்பளத்து வரப்புல ஃபுல்லா இருக்கும். புதன்கிழமை என் போன்ல அன்னைக்கு உண்டான நெட்டு தீர்ந்துபோச்சு. அதனால காலையில பத்து மணிக்கு வேலை விட்டதும் அம்மாகூட உப்பு வார்ற ஆரோக்கியசெல்வி அக்காவும் இன்னும் நாலு பேரும் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் குடுத்தாங்க. பாதி இறங்கும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் "சோறு எங்க வெச்ச"ன்னு கரெக்டா போன் பண்ணுவாரு, டவுன்லோடு அறுந்துடும். கடைசியில செல்வி அக்கா அவங்க வீட்டுக்காரர்கிட்ட, "யோவ், சட்டியில இருக்குது, துன்னுட்டு கம்முனு கெட, இங்க ஒரு பொண்ணு என்ஜினியர் ஆவுது"ன்னு கத்தினப்புறம்தான் நூறு சதவீதம் ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க அண்ணா. அந்த சந்தோஷத்துல அங்கேயே இன்ஸ்டால் அமுக்கிட்டேன். உச்சி வெயில்ல சுத்தி உப்பு பளபளன்னு கண்ணைக் குத்துது, ஸ்கிரீன்ல என் மூஞ்சியைத் தவிர ஒண்ணும் தெரியல. "கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதுல டிக் பண்ண மறந்துடாதீங்க மக்களே"ன்னு நீங்க ஒவ்வொரு வீடியோவுலயும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வீங்களே, அந்தக் கட்டம் எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து பைத்தான்னு அடிச்சா, அப்படி யாரும் இங்கே இல்லைன்னு பதில் வருது.

எல்லாத்தையும் எடுத்துட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, டிக் பண்ணி மறுபடியும் போட்டேன். பைத்தான் வந்துடுச்சு. ஆனா பயிற்சிக்காரங்க கேட்ட மத்த ஐட்டம் எதைப் போட்டாலும் சிவப்பா எரர். உத்துப் பார்த்தா, அது அண்ணன் பேர்ல இருக்குற ஃபோல்டரைத் தேடுது. தமிழ் எழுத்து அதுக்குப் புரியல. அண்ணன் பேர் இருக்க வேண்டிய இடத்துல வரிசையா வெத்துக் கட்டம். பக்கத்துல, இந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லைன்னு ஒரு வரி. தேடிப் போன படகெல்லாம் ஒன்பது நாள் கழிச்சு வந்து சொன்னதை இது ஒரு செகண்டுல சொல்லிடுச்சு. நான் லேப்டாப்பை மூடிட்டு வெளியே போய் நின்னேன்.

அப்புறம்தான் உங்களுக்கு கமெண்ட் போட்டேன். நீங்களும் ரிப்ளை போட்டீங்க! "இங்கிலீஷ்ல புதுசா ஒரு யூசர் போடுங்க சிஸ்டர், பத்து நிமிஷ வேலை." அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உப்பளம் முழுக்கக் காட்டினேன். நேத்து மத்தியானம் என் பேர்ல புது அக்கவுண்ட், என் போட்டோ. எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போச்சு. சாயங்காலம் அம்மா விளக்கேத்திட்டு ஆன் பண்ணாங்க. நடுவுல நான் இளிச்சிக்கிட்டு நிக்குறேன். அண்ணன் கீழே, இடது மூலையில, பொட்டு மாதிரி.

"ஏன்டி அவன மூலையில ஒக்கார வெச்ச?"

"யாரு கடைசியா தொறந்தாங்களோ அவங்கதான்மா நடுவுல வருவாங்க."

"அவன் வந்து தொறக்கற வரைக்கும் அங்கியே கெடக்கணுமா?"

நூத்திப் பதினாலு வீடியோவுல எதுலயும் இதுக்கு பதில் இல்லை அண்ணா. அம்மா சாப்பிடல. காலையில வேலைக்கும் பேசாமலே போயிட்டாங்க.

ஆகவே, இன்று மத்தியானம் என் அக்கவுண்ட்டை அழித்துவிட்டேன். போட்டது எல்லாம் அதோடு போய்விட்டது. இப்போது அண்ணன் பழையபடி நடுவில் இருக்கிறான். பத்து நிமிஷ வேலை என்று நீங்கள் சொன்னதில் தப்பு இல்லை, எங்கள் வீட்டுக்கு அது பத்தாது. திங்கட்கிழமை பலகையைப் பிடிக்கிறேன். இனி உங்கள் வீடியோவும் பார்க்கப் போவதில்லை, பார்த்தால் அழுகை வரும். சேனலிலிருந்தும் விலகிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாங்கள் பத்து லட்சம் சப்ஸ்கிரைபர் பெற்று, நல்ல இடத்தில் பெண் அமைந்து, கரண்ட் கட்டே இல்லாத ஊரில் நீடூழி வாழ வேண்டும். பூனைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவி,
பூங்குழலி

பின்குறிப்பு: அண்ணா, மேலே இருக்குறதை எல்லாம் அடிச்சிடுங்க. அனுப்பறதுக்குள்ள மணி ஏழாயிடுச்சு. அம்மா வந்து விளக்கேத்தி ஆன் பண்ணாங்க. அண்ணன் மட்டும் நடுவுல. சந்தோஷப்படுவாங்கன்னு பக்கத்துலயே நின்னேன்.

"உன் போட்டோ எங்கடி?"

"அழிச்சிட்டேம்மா. உனக்காகத்தான்."

அம்மா அந்தக் காலி மூலையை விரலால தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம், "ஒரு புள்ளய கடலு தூக்கினு போச்சு, என்னால இன்னா பண்ண முடிஞ்சிது? இன்னொண்ண நீயே அழிச்சிட்டு வந்து நிக்கிற. யார கேட்டுடி அழிச்ச? போடு மறுபடியும்"னு கத்தினாங்க. கத்திட்டு, செல்வி அக்கா வீட்டுக்குப் போய் அவங்க போனையே பிடுங்கிட்டு வந்து, வாசப்படியில சிக்னல் வர்ற இடமா பார்த்து ஒக்காந்துக்கிட்டாங்க.

என் பேர்ல மறுபடியும் அக்கவுண்ட் போட்டு டவுன்லோடு அமுக்கிட்டேன், இப்போ முப்பத்தி நாலு சதவீதத்துல நிக்குது. அம்மா போனை வாசப்படியிலேயே வெச்சிட்டு, பக்கத்துல வந்து அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "அவன் இருந்திருந்தா இத நேத்தே முடிச்சிருப்பான்"னு சொன்னாங்க.

ரெண்டு வருஷமா அவன் வந்துடுவான்னு மட்டும்தான் அண்ணா சொல்லிட்டு இருந்தாங்க.

நான், "ஆமாம்மா"ன்னேன். திரும்பிப் பார்க்கல. முப்பத்தி அஞ்சு ஆச்சு.