சமத்துப் பொட்டலமும் சிவப்பு நூல் கேபிளும்

"கருவிங்க கம்பி வழியா பேசறதில்ல. மரியாதை வழியாத்தான் பேசுது."

இதைச் சொன்னவர் மலையடிவாரத்துச் சாமியார் அல்லர். தைனான் நகரில் எங்கள் பொறியியல் கல்லூரியின் ஆய்வகப் பொறுப்பாளர், முதுகலை மாணவர், கோ சீனியர். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. கேட்ட நாங்களும் சிரிக்கவில்லை. உலகத்துக்கே கணினிச் சில்லு செய்து கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். சிரிக்க எங்கே நேரம்?

ஆய்வகத்துக்கு வெளியே மாடிப்படி வரைக்கும் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு பச்சைப் பொட்டலம், கோ சீனியருக்கு ஒரு காணிக்கை. பொரித்த கோழி ஏற்கப்படும். முத்துப் பால் தேநீரும் ஏற்கப்படும். பெரிய கோப்பை, சர்க்கரை மட்டும் பாதி. சாமிக்கு உடம்பு முக்கியம்.

பச்சைப் பொட்டலத்துக்குள் இருப்பது தேங்காய் வாசனை அடிக்கும் சோளப்பொரி. அதன் பெயருக்கே 'சமத்து' என்றுதான் பொருள். எந்திரத்தின் தலையில் வைத்தால் எந்திரம் சமத்தாக இருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் தயங்கும். சிவப்பு வைத்தால் நின்றுவிடும். பொட்டலம் காலாவதியாகியிருந்தால் பலிக்காது. எங்கள் எந்திரங்களுக்குத் தேதி பார்க்கத் தெரியும். கண்ணெதிரே செருகியிருக்கும் மாட்யூலைத்தான் பார்க்கத் தெரியாது.

அதுதான் எங்கள் நோய். பலகைக்கும் கணினிக்கும் நடுவே தூது போவது சீரியல் மாட்யூல் என்ற சின்னத் துண்டு. கணினி அதைக் கண்டுகொண்டால்தான் நிரலைப் பலகையில் ஏற்ற முடியும். இந்தப் பருவம் முழுக்க யார் செருகினாலும் மாட்யூலில் விளக்கு ஜம்மென்று எரியும். திரையில் மட்டும் 'கருவி எதுவும் காணப்படவில்லை' என்று வரும்.

கோ சீனியர் கைவைத்தால் காணப்படும்.

சடங்கு எளிமையானது. பொட்டலத்தைப் பலகை மேல் வைக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடிக் குனிய வேண்டும். "கேபிள்ல தீட்டு ஒட்டியிருக்கு" என்பார் சீனியர். அந்தக் கேபிளை நேற்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவரும் அவரேதான். அதைக் கழற்றிவிட்டு, சிவப்பு நூல் சுற்றிய தன் கேபிளைச் செருகுவார். திரையில் உயிர் வரும். கைதட்டல் கேட்கும். நிரல் ஏறியதும் நூல் கேபிள் அவர் பைக்குள் போய்விடும். மறுநாள் நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தினால் மறுபடி வரிசை, மறுபடி கோழி. வீட்டிலிருந்து கேபிள் கொண்டுவரலாமே என்றால், வெளிக்காற்று பட்ட கேபிளுக்கு ஆய்வகத்தில் அனுமதி இல்லை.

நானும் குனிந்தேன். குனிகிற கூட்டத்தில் நிமிர்ந்து நிற்பவன் உயரமாகத் தெரிவான். எனக்கு விளம்பரம் பிடிக்காது.

ஒருமுறை வாய் தவறி, "மீட்டர் வச்சுக் கேபிளைப் பாக்கலாமா சீனியர்?" என்று கேட்டுவிட்டேன்.

"பீப்புனு கத்துற டப்பாவ நம்புறவனுக்கெல்லாம் எஞ்சினியர்னு பேரு!" என்றார். வரிசையே சிரித்தது. வரிசையில் நானும் இருந்ததால் நானும் சிரித்தேன்.

அன்று எங்களுக்கு முன்னால் நின்றவள் ஜிங்வென், என் வகுப்புத் தோழி. அவள் அப்பாவுக்குக் கடலோரத்தில் பால்மீன் குளம் இருக்கிறது. போன கோடையில் ஒரு விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்து, குளம் முழுக்க மீன் வயிறு காட்டி மிதந்தது. அதற்குப் பிறகு அவர் படுக்கையில் படுப்பதில்லை. குளக்கரையில் நாற்காலி போட்டுத் தூங்குகிறார். வாயு குறைந்ததும் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் நீர்ச்சக்கரத்தைத் தானே சுழலவிடும் பெட்டி ஒன்றை ஜிங்வென் செய்திருந்தாள். மாலையில் அதை எடுத்துப் போக அப்பா வண்டியோடு வருகிறார். நிரல் ஏறாவிட்டால் அது வெறும் சாப்பாட்டு டப்பா.

சீனியர் அவள் பெட்டியை வாஞ்சையோடு பார்த்தார்.

"உன்னோடது ரொம்ப மூர்க்கமான பலகைம்மா. கோழிக்கெல்லாம் மசியாது."

"வேற என்ன வேணும் சீனியர்?"

"புராஜெக்ட் அறிக்கைல முதல் பேரா எம் பேர். நான் கேக்கல, கருவி கேக்குது."

ஜிங்வென் தன் பழைய போனை எடுத்தாள்.

"நேத்து நீங்க குடுத்த கேபிள்ல போனைச் சொருகினேன் சீனியர். சார்ஜ் ஏறுச்சு. கணினிக்குப் போட்டோ மட்டும் போகல. எம் போனுக்கும் தீட்டா?"

"போனுக்கும் ஒரு பொட்டலம் வை."

"வச்சேன். தேதி பாத்துத்தான் வச்சேன். ஒண்ணும் நடக்கல." அவள் கையை நீட்டினாள். "அந்தச் செவப்பு நூலக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. இந்தத் தீட்டுக் கேபிள்ல கட்டிப் பாக்கறேன். சக்தி நூல்லதானே இருக்கு?"

சீனியர் ஆமாம் என்றாலும் மாட்டுவார், இல்லை என்றாலும் மாட்டுவார். தேநீரை உறிஞ்சினார். அதற்குள் அவள் அவர் கேபிளிலிருந்த நூலைக் கழற்றித் தீட்டுக் கேபிளில் கட்டிச் செருகிவிட்டாள். பொட்டலம் பலகை மேலேயே இருந்தது. எல்லோரும் குனிந்தோம், பழக்கம்.

கருவி எதுவும் காணப்படவில்லை.

"மனசு சுத்தமா இல்ல," என்றார் சீனியர்.

"சரி, இன்னும் அசுத்தம் பண்ணிடுவோம்." ஜிங்வென் பொட்டலத்தை எடுத்தாள். டப்பென்று பிரித்தாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். கூட்டம் மூச்சை இழுத்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஐயோ, தின்னுட்டா!" என்று அலறினான். அவள் மென்றுகொண்டே, நூலை இழந்து அம்மணமாகக் கிடந்த கேபிளைச் செருகினாள்.

கருவி இணைக்கப்பட்டது.

"டேய், அந்த பீப் டப்பாவ எடு," என்றாள் என்னிடம்.

நான் எடுத்தேன். கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. கம்பி முழுசாக இருந்தால் மீட்டர் கத்தும். நூலிழந்த கேபிள் நான்கு முறை கத்தியது. தீட்டுக் கேபிள் இரண்டே முறை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. பேச்சுக் கம்பிகள் அதில் இல்லவே இல்லை. வெறும் சார்ஜர் கேபிள்! அலமாரியைத் திறந்தோம். அத்தனையும் அதே ஜாதி.

"பருவம் முழுக்க ஊமைக் கேபிளக் குடுத்துட்டு, மாட்யூல் பேசலைன்னு எங்களையா குனிய வச்சீங்க?" என்றாள் ஜிங்வென்.

சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று வகுப்பு இருந்தது.

கோபத்தில் கூட்டம் நூலை அறுத்தது. நல்லது, கெட்டது, வீட்டிலிருந்து வந்தது என்று எல்லாக் கேபிளையும் ஒரே அட்டைப் பெட்டியில் கொட்டியது. ஜிங்வெனின் பெட்டியில் நிரல் ஏறியது. மாலையில் அவள் அப்பாவின் நீல வண்டி வந்தது. அப்பா பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துப் பார்த்தார். "இதும் மேல பொட்டலம் வைக்க வேணாமா?" என்று கேட்டார். "பசிச்சா நீங்க தின்னுங்கப்பா," என்றாள். இப்போது நாற்காலி காலி; அவர் கட்டிலில் தூங்குகிறார்.

ஐயா, கண்ணை மூடு என்று ஒருவன் சொல்கிற நேரத்தில்தான் கண்ணுக்கு வேலை இருக்கிறது. குனிந்து குனிந்து எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது தரை ஒன்றுதான்.

மறுவாரம் கோ சீனியரின் சொந்த ஆய்வுக்குத் தேர்வு. போகிற வழியில் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். மூலையில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பலகையில் விளக்கு எரிந்தது. திரை எதையும் காணவில்லை. பக்கத்தில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. எது நல்ல கேபிள் என்று சொல்ல நூல் இல்லை. பச்சைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஓரமாகக் கிடந்தது. அவர் ஒரு கேபிளை எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மீட்டரின் முனைகளை மெல்ல வைத்தார்.

பீப்.

சத்தம் வெளியே கேட்காமலிருக்க மீட்டரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, அடுத்த கம்பிக்குப் போனார்.