கருவாட்டுக்கு உயிரை விட்டவன்

வேன் பிடித்துச் சொந்தக்காரர்களைப் பயணம் கூட்டிப்போகிறவனுக்கு எங்கேயும் நல்ல பேர் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைத்தது கருவாடு.

கல்யாணமான புதிது. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கி, போன் திருத்தும் கடை வைத்திருந்த என்னை மாமியார் ஒரு ஆளாகவே கணக்கெடுக்கவில்லை. "என் மாப்பிள்ளை கெட்டிக்காரன்" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அதற்காகவே திருகோணமலைப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துத் தோணி ஓட்டப் போட்டி பார்க்க வேன் பேசினேன். மாமியார் அதுவரை கடலை டிவியில்தான் பார்த்திருந்தார். (நான் மட்டும் என்ன, கண்டி வாவியைக் கரையிலிருந்து பார்த்தே நீச்சல் பற்றிப் பேசுகிறவன்.)

வழியெல்லாம் பைலாப் பாட்டும் டோல்கி மேளமும்தான். கிராமத்துக்குத் திரும்பும் ரோட்டில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

"என்னங்க, செத்த வீடு மாதிரி இருக்கே," என்றாள் என் மனைவி செல்வி.

"போட்டிக்குக் கட்டுனது. உப்புக் காத்துல சாயம் போயிருக்கும்."

இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் வெள்ளைக்கொடி என்றால் என்னவென்று தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மாமியார் பின்சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாரே.

வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டே போய் ஒரு பந்தலுக்கு முன்னால் நின்றது. வாயில் விசிலோடு டோல்கியைத் தட்டிக்கொண்டு முதலில் குதித்தவன் நான். பந்தலுக்கு நடுவே பெட்டி. பெட்டியில் என் வயதுப் பையன். முந்தின நாள் பயிற்சியில் தோணி கவிழ்ந்து இறந்துவிட்டானாம், போட்டியை நிறுத்திவிட்டார்களாம். எழுந்து வந்த ஆண்களின் முகத்தைப் பார்த்ததும் டோல்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அப்போது மாமியார் இறங்கினார். ஒரே ஒரு பார்வை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, "ஏ ராசா, ஒன்னப் பாக்க மலையிலருந்து வந்தோமே, முழிச்சுப் பாக்க மாட்டியா" என்று மாரில் அடித்து ஒப்பாரி வைத்தார். எங்கள் லயத்தில் அவர் அழாத சாவு கிடையாது. உடனே எங்களுக்கு உட்காரக் கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. பின்னாலேயே பையனின் தாயும் வந்து என் கையைப் பிடித்தார்.

"கண்டியில இருந்தா வாறீங்க, தம்பி? எண்ட மகனோட அங்க வேல செஞ்ச ஆளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒப்பாரிக்கு நடுவே மாமியார் என்னை முறைத்தார். "ஆமாம்மா" என்று வந்துவிட்டது.

"எங்களோட கோவிச்சிட்டுப் போய் அங்க இருந்தவன். திரும்பி வந்தும் ஒண்டும் சொல்லல்ல. அங்க ஒழுங்காச் சாப்பிட்டானா?"

கடற்கரைப் பையன் வேறு எதைச் சாப்பிடுவான்? "நல்லா சாப்புடுவாரும்மா. கருவாடுன்னா உசுரையே விடுவாரு," என்றேன். (இதே வார்த்தைதான். பிணத்துக்கு முன்னால்.)

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். பெட்டியைத் தூக்கும்போது எனக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். நான் நிஜமாகவே அழுதேன். பாதி வெட்கம், பாதி அந்தத் தாயின் முகம்.

திரும்பும் வழியில் டோல்கி சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஹபரணை வந்ததும் மாமியார், "கடைசிவரைக்கும் கடலக் காட்டலியே மாப்புள," என்றார்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டு வாங்கிய என் கடை நம்பருக்கு ஆண்டுத் திவச அழைப்பு வந்தது. உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடு போனேன். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்திருந்த படையலில் மீனே இல்லை.

"கருவாடு வைக்கலியாம்மா?" என்று கேட்டேன். (மடையன்.)

"அவன் சின்னதில இருந்து மீன் வாயில வெச்சதில்ல, தம்பி. மணமே ஒத்துவராது. தகப்பனோட சண்டையும் அதாலதான்."

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது..."

"அண்டைக்கே தெரியும். ஆனா அவனத் தெரியுமெண்டு சொல்லிக் கண்டியில இருந்து வேற ஒருத்தரும் வரல்லையே."

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் லொறிக்காரர் ஒருவர் கடைக்குப் பார்சல் கொண்டுவருகிறார், அந்த அம்மா அனுப்பும் கருவாடு. குழம்பு வைப்பது மாமியார்தான். "ஒங்க கூட்டாளிக்கு உசுராச்சே மாப்புள, இன்னுங்கொஞ்சம் போட்டுக்குங்க," என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே சோற்றுக் கோப்பையை நீட்டுவேன். கெட்டிக்காரன் என்ற வார்த்தை மட்டும் இன்னும் வந்தபாடில்லை.