மாப்பிள்ளையின் தங்கை வாயைத் திறக்கவில்லை

புதிதாகக் காதலில் விழுந்தவனைக்கூடச் சமாளித்துவிடலாம். புதிதாக டயட்டில் விழுந்தவளைச் சமாளிக்கவே முடியாது. காதலில் விழுந்தவன் தன் ஆளைப் பற்றித்தான் பேசுவான். டயட்டில் விழுந்தவள் உங்கள் தட்டைப் பற்றிப் பேசுவாள். அதுவும் நீங்கள் வாயில் வைக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுவாள்.

அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். நான்தான்.

டிகிரி முடித்துவிட்டு, மலையாளத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டோடு இருந்த சமயம். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.) தேய்த்த தேய்ப்பில் ஒருநாள் கீட்டோ கிடைத்தது. அரிசி, சர்க்கரை, கிழங்கு எல்லாம் கட். முட்டை, கறி, நெய், தேங்காய் எல்லாம் ஓகே. மாவுச்சத்து வரவில்லை என்றால் உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எடுத்து எரிக்க ஆரம்பித்துவிடுமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது! நாங்கள் தென்னந்தோப்புக்காரர்கள். வீடு முழுக்கத் தேங்காய், தூக்குப்போசி நிறையச் செக்கெண்ணெய். அதை வைத்துக்கொண்டு அம்மா கொலஸ்ட்ரால் பயத்தில் சொட்டுமருந்து மாதிரி தாளித்துக்கொண்டிருந்தாள். நான் நேராகச் சமையலறைக்குப் போய்த் தீர்ப்பு வாசித்தேன்.

"எண்ணெய் மேல தப்பே இல்லீம்மா. தப்பெல்லாம் சோத்து மேலதான். அது வெசம்."

"அந்த வெசத்தத்தான் நேத்து ரசம் ஊத்தி மூணு தடவ வாங்கித் தின்ன அம்முணி" என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து காலையில் நெய் ஊற்றிய கடுங்காப்பி. அப்பா என் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, ஒர்க்‌ஷாப் வாசல்ல மழைத்தண்ணி நின்னாப்பல இருக்குது. இதையா குடிக்கற?"

குடித்தேன். இரண்டே வாரத்தில் சுடிதார் தொளதொளவென்று ஆகிவிட்டது! அவ்வளவுதான், எனக்குள் ஒரு மகான் பிறந்தார். பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா பொட்டலம் பிரித்தால், "அக்கா, அந்தப் பரோட்டா உள்ள போய் என்ன பண்ணும் தெரியுங்களா?" என்று ஆரம்பிப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிடுவார்.

இந்த மகிமைக்கு நடுவில்தான் என் அண்ணன் குமரேசனுக்குப் பெண் அமைந்தது.

இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று சொன்னால்தான் மேற்கொண்டு நான் செய்ததன் கனம் உங்களுக்குப் புரியும். அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. ஆள் நன்றாகத்தான் இருப்பான். ஆனால் எங்கள் பக்கம் தோட்டம் பார்க்கும் பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. "பையன் என்ன பண்றாருங்க?" என்பார்கள். "தோட்டம் பாக்கறானுங்க" என்போம். "செரிங்க, கலந்துட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்து போவார்கள். யாருமே கலந்துவிட்டுச் சொன்னதில்லை.

அடுத்த ஊரான சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வரன் சிந்து மட்டும் அவனோடு பேசிப் பார்க்கவேண்டும் என்றாளாம். பேசிவிட்டு வந்த அண்ணன் மோட்டார் போடப் போகும்போது விசிலடித்தான். முப்பத்து மூன்று வருடத்தில் அவன் விசிலடித்து நாங்கள் கேட்டதே இல்லை.

நிச்சயத்துக்குக் கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"நிவே, இது ஒண்ணாச்சும் அமையட்டும். அங்க வந்து சோறு, சக்கரைன்னு ஆரம்பிச்சுராத. உன்னயக் கையெடுத்துக் கும்புடறேன்."

"நான் வாயவே தொறக்க மாட்டேண்ணா, போதுமா?" என்றேன்.

அந்த வாக்கை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் மீதிக் கதை.

எங்கள் ஆட்களுக்கு நிச்சயம் என்றால் உப்பு சர்க்கரை மாற்றுவதுதான். மோதிரம், கேக்கெல்லாம் அப்புறம். இரண்டு வீட்டாரும் ஒரு தட்டில் கல்லுப்பும் ஒரு தட்டில் நாட்டுச் சர்க்கரையும் வைத்துச் சபையில் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் சொந்தத்தில் அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. பெண்ணின் அம்மா ஒரு சிட்டிகைச் சர்க்கரை எடுத்து மாப்பிள்ளையின் தங்கை வாயில் போடுவார். அது உள்ளே போனால்தான் பேச்சு உறுதி.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் என் உடம்பு கொழுப்பை எரிப்பதை அந்த நிமிஷமே நிறுத்திவிடும் என்று அப்போது சத்தியமாக நம்பினேன். கடைசி நேரத்தில் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் நம்பினேன். (இரண்டில் எது பெரிய முட்டாள்தனம் என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.)

மாசி மாத வெயில். சிந்து வீட்டு வாசல் பந்தல் நிறையச் சனம். காலையில் நெய்க்காப்பியைத் தவிர நான் எதையும் தொடவில்லை. தட்டு மாற்றி முடிந்தது. சிந்துவின் அம்மா சிரித்துக்கொண்டே விரல்நுனியில் சர்க்கரையோடு வந்தார்.

"ஆ காட்டு கண்ணு."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"வெக்கப்படறா" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. மறுபடியும், "ஆ காட்டு சாமி."

"வேண்டாமுங்கத்தை. நான் சக்கரைய விட்டுட்டேனுங்க."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்த மகான் விடவில்லை.

"எல்லா வியாதிக்கும் இதுதானுங்க மூலகாரணம். வெசத்துக்குச் சமம். வேணும்னா கொஞ்சம் நெய் குடுங்க, குடிச்சுக்கறேன்."

சிந்துவின் பெரியப்பா பொன்னுசாமி எழுந்து நின்றார். மீசை பெரிது. தொழில் அதைவிடப் பெரிது: நாட்டுச் சர்க்கரை மொத்த வியாபாரம். தட்டில் இருந்தது, இந்த விசேஷத்துக்கென்றே அவர் பக்கத்தில் நின்று காய்ச்ச வைத்த சர்க்கரை.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் அப்பாவிடம், "எங்க சக்கரை வெசம்னு சொல்லத்தான் வேன் புடிச்சு வந்தீங்களா?"

அண்ணனைப் பார்த்தேன். 'கலந்துட்டுச் சொல்றோமுங்க' கேட்கும்போது வழக்கமாக வருமே ஒரு முகம், அது வந்துவிட்டிருந்தது.

பதறிப்போய்விட்டேன். எதையாவது தின்று சமாளித்தாக வேண்டும்! "கோவிச்சுக்காதீங்க பெரியப்பா, இத வேணா திங்கறேனுங்க" என்று பக்கத்துத் தட்டில் கைவைத்து அள்ளி வாயில் போட்டேன்.

கல்லுப்பு.

(சோற்றை விட்ட புதிதில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் மளமளவென்று வெளியேறும். அந்த விஞ்ஞானப்படி நான் கைவைத்தது சரியான தட்டுத்தான். சபைக்கு விஞ்ஞானம் தெரியவில்லை.)

"மொதல்ல உப்பையா திம்பாங்க! அபசகுனம்!" என்று ஒரு குரல். எனக்குப் புரையேறியது. அத்தனை உப்பும் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை மேல். மன்னிப்புக் கேட்கலாம் என்று சட்டென எழுந்தேன். கண் இருட்டியது. பந்தல் ஒரு சுற்றுச் சுற்றியது. நேராகப் போய் முகம் குப்புற விழுந்த இடம் சர்க்கரைத் தட்டு.

மூக்கு, நெற்றி, இமை என்று எங்கு பார்த்தாலும் சர்க்கரை. விழும்போதும் வாயை மட்டும் மூடியே வைத்திருந்தேன். அதுதான் வைராக்கியம்!

"வாய்க்குள்ள போச்சா?" என்றார் பெரியப்பா. மொத்தச் சபையும் என் வாயையே பார்த்தது, தேர்தல் ரிசல்ட் பார்க்கிற மாதிரி. மலையாளத்து வீடியோக்காரர் மட்டும், "சேச்சி, ஒண்ணுகூடி வீழாமோ? ஃபோகஸ் போயி" என்றார். இன்னொரு தடவை விழ வேண்டுமாம்!

அப்போது கதவோரம் நின்றிருந்த சிந்து பட்டுப்புடவையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, என் மூக்கு மேலிருந்த சர்க்கரையைக் கட்டைவிரலில் வழித்தெடுத்தாள். என் காதோரம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அம்முணி, உங்கண்ணன எனக்குப் புடிச்சிருக்குது. மரியாதையா வாயத் தொற."

திறந்தேன்.

எத்தனையோ நாள் கழித்து நாக்கில் பட்ட சர்க்கரை! அடடா, அடடா! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனம் திருந்தி அழுகிறேன் என்று நினைத்து அத்தையும் அழுதார். "போயிருச்சுங்க பெரியப்பா, நானே பாத்தேன்" என்று சிந்து எழுந்து நின்று அறிவித்தாள். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே, சபை நடுவில், மெதுவாக விசிலடித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, கொழுப்பு நிரபராதி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வெறும் நெய்யைக் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தால் எந்த உடம்பும் சாயும் என்று நங்கை எனக்குப் புரியவைத்திருக்கிறாள். (நங்கை என்றால் அண்ணி. சிந்துதான்.) இப்போது கொஞ்சம் சோறு, நிறையக் காய், தேவைக்கு எண்ணெய். அப்பாவும் அப்படித்தான் சாப்பிடுகிறார், அவர் சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது. பஸ்ஸில் யாரிடமும் நான் பேசுவதில்லை. பொன்னுசாமிப் பெரியப்பா எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதில்லை. "ஆ காட்டு" என்பார்.

போன மாதம் அண்ணன் மகளுக்குக் கோயிலில் சோறூட்டு. முதல்முதலாகச் சோறு ஊட்டுகிற சடங்கு. நெய்ப்பாயசத்தை விரலில் தொட்டு வாயருகே கொண்டுபோனான் அண்ணன். பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டது.

கூட்டம் மொத்தமும் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தது.

"அத்தையாட்டமே!" என்றார் பெரியப்பா. "யாராச்சும் அந்த உப்ப எடுத்தாங்கப்பா!"